நாலு பென்ஸ் கணக்கு: ஒயிட்சேப்பல் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

1888இல் ஏழைப் பெண்களைக் கொன்று கடைசிவரை பிடிபடாத 'ஜாக் த ரிப்பர்' கதையைச் சொல்லி லண்டன் ஒயிட்சேப்பல் தெருக்களில் இரவு நடை நடத்தும் வழிகாட்டிகளுக்கு,

வணக்கம். தமிழில் எழுதிய மடல் உங்கள் கண்ணில் படுமா என்பது சந்தேகம்தான். ஆனால் லண்டன் பார்க்க வரும் என் உறவுக்காரர்கள் தவறாமல் உங்களிடம் டிக்கெட் வாங்குகிறார்கள். அவர்களாவது இதைப் படித்து உங்கள் காதில் போட்டுவைப்பார்கள்.

சென்ற அக்டோபரில் ஊரிலிருந்து வந்திருந்த அத்தை மகனோடு நானும் அப்படி ஒரு நடைக்குப் போனேன். யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். இரண்டு மணி நேரம் கத்தியும் ரத்தமும்தான். கொன்றவன் மருத்துவனா, அரச குடும்பத்தவனா என்ற பழைய ஊகங்கள். நடுவில் விளக்கை அணைத்து ஓர் அலறல். திரும்பி வரும்போது அத்தை மகன் கேட்டான்: "அந்தப் பெண்கள் நள்ளிரவுக்கு மேல் தெருவில் ஏன் நின்றார்கள்? படுக்க இடமில்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. இந்த ஒரு கேள்விக்குத்தான் வழிகாட்டி பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பதில் நாலு பென்ஸ். 1888இல் ஒயிட்சேப்பலை ஒட்டிய ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸின் பொதுத் தங்கும் விடுதிகளில் ஒற்றைக் கட்டிலுக்கு ஓர் இரவு வாடகை அதுதான். அறைக்கு அல்ல, கட்டிலுக்கு. பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங் என்றால், ஷில்லிங்கில் மூன்றில் ஒரு பங்கு. விடிந்ததும் கணக்குத் தீர்ந்துவிடும். இருட்டுவதற்குள் அடுத்த நாலு பென்ஸைத் தேட வேண்டும். செப்டம்பர் 8ஆம் தேதி பின்னிரவில், கொல்லப்பட்டவர்களில் ஒருவரான ஆனி சாப்மன், டார்செட் தெரு விடுதியின் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். கட்டில் காசு கேட்டார்கள்; கையில் இல்லை. தன் கட்டிலை வேறு யாருக்கும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அதற்கு எட்டு நாள் முன்பு த்ரால் தெருவில் மேரி ஆன் நிக்கல்ஸ் வெளியே அனுப்பப்பட்டதும் இதே நாலு பென்ஸ் இல்லாமல்தான். காசு இருந்திருந்தால் இருவரும் அந்நேரம் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அந்தக் காசை எப்படிச் சம்பாதிப்பது? கிழக்கு லண்டன் பெண்கள் வீட்டிலிருந்தே செய்த வேலைகளில் தீப்பெட்டி ஒட்டுவதும் ஒன்று. 144 பெட்டிகளுக்குக் கூலி இரண்டேகால் பென்ஸ்; பசையும் கட்டுவதற்கான நூலும் அவரவர் செலவு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டிலுக்கு 256 பெட்டிகள் ஒட்ட வேண்டும், அதுவும் பசைச் செலவைக் கழிக்காமல். சிவகாசிப் பக்கத்துக்காரனான எனக்கு இந்த வேலையை யாரும் விளக்க வேண்டாம். பிள்ளைகளின் விரலும் அதில் ஓடும். ஒட்டியவை காயும்வரை கட்டிலிலும் தரையிலும் கால் வைக்க இடமிருக்காது. ஆண்களுக்கோ துறைமுக வேலை. மணிக்கு ஐந்து பென்ஸை ஆறாக உயர்த்தக் கேட்டு 1889இல் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. அந்தக் கூலியும் காலையில் வாசலில் முண்டியடித்து நிற்கும் கூட்டத்திலிருந்து மேஸ்திரி ஆளைப் பொறுக்கினால்தான்.

இந்த இடங்களைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'குடிசைப் பகுதி' என்று எழுதிவிடும். அங்கே குடிசை ஏது? எல்லாம் செங்கல் வீடுகள். அவற்றில் பல ஒரு காலத்தில் பட்டு நெசவாளர்கள் வசதியாக வாழ்ந்தவை. பிறகு அறைக்கு ஒரு குடும்பம், பின்முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாயும் கழிப்பறையும். எங்களிடம் 'ஒண்டுக் குடித்தனம்' என்று ஒரு சொல் உண்டு. அதுதான் இதற்குப் பொருந்தும். குழாயடிச் சண்டை இல்லாமலா இருந்திருக்கும்?

மில்லர்ஸ் கோர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குரலைத் தாழ்த்தும் இடம் அது. அங்கே கொல்லப்பட்ட மேரி ஜேன் கெல்லியின் ஒற்றை அறைக்கு வார வாடகை நாலரை ஷில்லிங். நாள் கணக்கில் பார்த்தால் விடுதியில் இருவர் படுக்கும் எட்டு பென்ஸ் கட்டிலின் விலைதான் ஏறக்குறைய. சாவி தொலைந்துபோனதால் உடைந்த ஜன்னல் வழியே கையை விட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். வாடகைப் பாக்கி 29 ஷில்லிங், அதாவது ஆறு வாரத்துக்கும் மேல். நவம்பர் 9 காலையில் உடலை முதலில் பார்த்தவன் போலீஸ்காரன் அல்ல. பாக்கி கேட்க வீட்டுக்காரர் அனுப்பிய ஆள். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அலறலுக்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள்.

கொல்லப்பட்ட இன்னொருவரான கேத்தரின் எடோஸ், கென்ட்டில் ஹாப் (பீர் காய்ச்சச் சேர்க்கும் பூ) பறிக்கும் வேலைக்குப் போய்த் திரும்பியவர். கையில் காசில்லாமல் துணைவரின் பூட்ஸை இரண்டரை ஷில்லிங்குக்கு அடகு வைத்து உணவு வாங்கினார்கள். இறந்தபோது அவரிடம் தேயிலையும் சர்க்கரையும் சிறு தகர டப்பாக்களில் இருந்தன. அடகுச் சீட்டுகளும் இருந்தன. அவருடைய காயங்களை வழிகாட்டி ஒன்றுவிடாமல் எண்ணிச் சொன்னார். டப்பாக்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

உங்கள் பிழைப்பைக் கெடுக்க எனக்கு எண்ணமில்லை. பாதையைக் கொஞ்சம் நீட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான். வென்ட்வொர்த் தெருவில் 1886 என்று பொறித்த ஒரு வளைவு இருக்கிறது. கட்டடம் போய்விட்டது, வளைவு மட்டும் மிச்சம். அதில் எழுதியிருக்கும் நிறுவனத்தின் பெயரிலேயே 'நான்கு விழுக்காடு' வருகிறது. ஏழைத் தொழிலாளருக்கு வீடு கட்டித் தருவோம், முதலீட்டுக்கு அதற்கு மேல் லாபம் எடுக்க மாட்டோம் என்பது ஒப்பந்தம். தருமத்துக்கும் வட்டி விகிதம் வைத்த காலம் அது. அங்கே ஆளுக்கு ஒரு தீப்பெட்டியைக் கையில் கொடுத்து 256 கணக்கைச் சொல்லுங்கள்.

பிறகு வடக்கே ஷோர்டிச் பக்கம் நடந்தால் ஆர்னால்ட் சர்க்கஸ் என்ற வட்டச் சந்தி. அங்கே ஓல்ட் நிக்கல் என்ற சந்துக் கூட்டம் இருந்தது. தெருத்தெருவாக ஏழ்மையை நிறத்தால் குறித்த சார்லஸ் பூத்தின் வறுமை வரைபடத்தில் அடிமட்டத்துக்கு உரிய கறுப்பு நிறம் இதற்கும் விழுந்தது. அந்த வீடுகளின் சொந்தக்காரர்களில் உள்ளாட்சி மன்றத்தில் உட்கார்ந்து சுகாதாரம் பேசியவர்களும் உண்டு. 1890களில் லண்டன் கவுண்டி கவுன்சில் அதை இடித்து, இன்றும் நிற்கும் அழகான சிவப்புக் கட்டடங்களைக் கட்டியது. வேல்ஸ் இளவரசர் 1900இல் வந்து திறந்துவைத்தார். வெளியேற்றப்பட்டவர்கள் 5,700 பேருக்கும் மேல். புது வீட்டுக்குக் குடிவந்தவர்கள் 11 பேர் என்று கணக்கு. வாடகை கட்டுபடியாகவில்லை. மற்றவர்கள் அக்கம்பக்கத்துச் சந்துகளில் போய் இன்னும் நெருக்கிக்கொண்டு ஒண்டினார்கள். இடிபாட்டை வெளியே கொண்டுபோகாமல் நடுவில் குவித்து மேடாக்கி மரம் வைத்தார்கள்.

அந்த மேடு இன்னும் இருக்கிறது. நடையை அங்கே கொண்டுபோய் முடியுங்கள். அடுத்த கோடையில் என் மாமா வருகிறார். அவருக்கு முழங்கால் வலி, ஆனால் மேட்டின் மேல் பெஞ்சுகள் உண்டு. இரண்டு டிக்கெட் நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிழக்கு லண்டனில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவன்