ஒரே ஸ்போரில் ஐந்தாறு வரிசைகள்

அன்புள்ள மகளுக்கு,

செடியின் வேரோடு கூடி வாழும் பூஞ்சையின் ஒரே ஒரு ஸ்போரிலிருந்து (வித்திலிருந்து) எடுத்த டிஎன்ஏவில், பூஞ்சையை அடையாளம் காண உதவும் ஐடிஎஸ் பகுதியின் எழுத்து வரிசை ஐந்தாறு விதமாக வந்திருக்கிறது என்று போனில் சொன்னாய். உன் சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால் புதுச் சிற்றினங்கள் கிடைத்துவிட்டதாக இப்போதே எழுதிவிடாதே.

இந்த வேர்ப்பூஞ்சைகளின் உடம்பே தனி ரகம். ஒரு ஸ்போருக்குள் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் உட்கருக்கள் இருக்கும். பெரும்பாலான பூஞ்சைகளில் ஐடிஎஸ் அடங்கிய ரைபோசோம் மரபணுவின் படிகள் (நகல்கள்) அடுத்தடுத்து வரிசைகட்டி, கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ரைசோபேகஸ் இர்ரெகுலாரிஸ் என்ற வேர்ப்பூஞ்சையில் அப்படியில்லை. சுமார் 10 படிகள்தான், அவையும் ஜீனோமில் அங்கங்கே சிதறி, ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறியிருக்கும். 2012இல் பூஞ்சைகளுக்கெல்லாம் பொதுவான பார்கோடாக, அதாவது சிற்றினத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ துண்டாக, ஐடிஎஸ்ஸை முன்மொழிந்தார்கள், சரி. இந்தக் கூட்டத்துக்கு அது மட்டும் போதாது. அதே ரைபோசோம் மரபணுவில் ஐடிஎஸ்ஸுக்கு முன்னால் வரும் எஸ்எஸ்யூ பகுதியை மட்டும் நம்பினால் நெருங்கிய சிற்றினங்கள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அதனால் எஸ்எஸ்யூவின் கடைசிப் பகுதி, ஐடிஎஸ், அதற்கடுத்து வரும் எல்எஸ்யூவின் தொடக்கம் மூன்றையும் சேர்த்து, சுமார் 1,500 எழுத்து நீளத் துண்டாகவே படித்துப் பார். பிறகு பரிணாம மரத்தை வரைந்து பார். எல்லாம் ஒரே கிளையில் கொத்தாக விழுந்தால் அநேகமாக ஒரே பூஞ்சைதான். ஏதாவது ஒன்று தூரத்துக் கிளைக்குத் தாவினால், ஸ்போரின் மேல் ஒட்டியிருந்த வேறு பூஞ்சையை முதலில் சந்தேகப்படு. டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரில், டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் மட்டும் விட்ட குழாயிலும் டிஎன்ஏ பட்டை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்; தெரிந்தால் கலப்படம்தான்.

அப்புறம், வேரை மறந்துவிடாதே. மண்ணில் பொறுக்கிய ஸ்போர்களை வைத்து வேருக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்போரே அதிகம் விடாமல் வேரில் நிறைந்திருக்கும் பூஞ்சைகள் உண்டு. நுண்ணோக்கியில் இழையை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வதும் நடக்காத காரியம். ஐடிஎஸ் போன்ற டிஎன்ஏ மார்க்கரின் அருமை அங்கேதான். ஆனால் செத்த இழையிலிருந்தும் டிஎன்ஏ வரும். அதனால் அதே வேரில் ஒரு துண்டைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வெளுத்து, டிரைபான் நீலச் சாயம் ஏற்றிப் பார். புறணிச் செல்லுக்குள் குட்டி மரம்போலக் கிளைத்திருக்கும் ஆர்பஸ்கூல் தெரியும். பூஞ்சை செடிக்குப் பாஸ்பரஸைத் தருவது அங்கேதான். வேரில் எவ்வளவு தூரத்துக்கு அது பரவியிருக்கிறது என்பதையும் குறித்து வை.

மரம் வரைந்ததும், வேரின் படங்களோடு சேர்த்து அனுப்பு. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு கிளையாகப் பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா