சந்தி முனையில் கிடக்கும் பனி வரம்பு: ரொறன்ரோ மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகர முதல்வருக்கும் மாநகர சபை உறுப்பினர்களுக்கும்,

வீதியைத் துடைத்துக்கொண்டு போகும் பனி வண்டி, ஓரத்தில் நீளமாக ஒரு மேட்டை விட்டுச் செல்கிறது. வயலைப் பார்த்து வளர்ந்த என் கண்ணுக்கு அது வரம்பாகவே தெரிகிறது. ஆனால் வயல் வரம்பில் நடக்கலாம். இதில் கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். ஓரிரவு உறைந்தால் கல்லாகிவிடும். இந்த வரம்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நடைபாதைகளை நீங்கள் கவனிப்பதே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1998இல் ஆறு நகராட்சிகள் ஒன்றாகி இன்றைய ரொறன்ரோ ஆன பிறகும் நெடுங்காலம், ஸ்காபரோ போன்ற இடங்களில் நடைபாதைக்கு இயந்திரம் வந்தது; பழைய நகர மையத்தின் பல தெருக்களிலோ, பனி நின்று 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரரே அள்ள வேண்டியிருந்தது. அள்ள முடியாத முதியவரின் வீட்டு வாசலில் பாதை அறுந்துபோகும். 2021இல் சபை இதை மாற்றி, இயந்திரம் நுழையக்கூடிய நடைபாதைகள் எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அந்த முடிவுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் பாதை இப்போது சந்தி முனையில் அறுகிறது. நடைபாதைக்குச் சிறிய வண்டி, வீதிக்குப் பெரிய வண்டி. சிறியது வழி திறந்துவிட்டுப் போன பிறகு பெரியது மறுபடி வந்தால், தள்ளிய பனியெல்லாம் கடவையின் வாயில் குவிகிறது. சக்கர நாற்காலியில் வருபவர் அந்த இடத்தில் திரும்பத்தான் வேண்டும். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தாய் வீதிக்குள் இறங்கி, கார்களோடு நடக்கிறாள். பார்வையற்றோர் காலால் உணர்ந்து நிற்பதற்கென்று முனைகளில் பதித்த புள்ளித் தகடுகள் அந்த வரம்பின் அடியில் கிடக்கின்றன. பஸ் நிறுத்தத்திலும் இதே நிலைதான்: சாரதி சாய்தளத்தை இறக்கினாலும் அது பனி மேட்டின்மீதுதான் போய் நிற்கும்.

என்னால் பொறுக்க முடியாதது இதுதான். ஸ்காபரோவிலும் நோர்த் யோர்க்கிலும் எட்டோபிக்கோவிலும், வீட்டுக் கார்ப்பாதையின் வாயில் விழும் இதே வரம்பை அகற்ற மாநகரம் தனியாக இயந்திரம் அனுப்புகிறது. காருக்காக வரம்பை வெட்டுகிற நகரம், ஊன்றுகோலோடு வரும் ஆச்சிக்காக ஏன் வெட்டக் கூடாது?

பனி நின்று 48 மணி நேரத்துக்குள், ஒரு மீற்றர் அகலத்துக்கு, 8 சென்ரிமீற்றருக்கு மேல் பனி இல்லாமல் இருந்தால் போதும் என்கிறது ஒன்ராறியோவின் குறைந்தபட்ச விதி. அந்த ஆழத்தில் நாற்காலியின் முன் சில்லு உருளாது. விழுந்தவர் வழக்குத் தொடுக்க நினைத்தால் 10 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அது மாநகரத்தின் பாரதூரமான கவனக்குறைவு என்றும் நிறுவ வேண்டும். சட்டம் உங்களுக்கு நல்ல குடைதான். ஆனாலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் நெல்சன் நகரில், தரிப்பிடத்தை ஒட்டிக் குவித்த பனியைக் கடக்க முயன்ற ஒருவரின் கால் படுகாயமடைந்த வழக்கை நினைவில் வையுங்கள். பனியை அப்படிக் குவித்தது கொள்கை முடிவு, அதனால் வழக்குத் தொடுக்க முடியாது என்று சொல்லி நகரம் தப்பிவிட முடியாது என்று 2021இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையற்ற மாகாணமாக ஒன்ராறியோ மாறுவதற்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த கெடு 2025 ஜனவரி 1. அடுத்த மாதமே பனிப்புயல்கள் அடுத்தடுத்து வந்தன. குவிந்த பனியை அள்ளி முடிக்க வாரக்கணக்கானது. அந்த வாரங்களில் வீட்டுக்குள் அடைந்திருந்தவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

சுவீடனின் கார்ல்ஸ்கோகா நகரம், நடப்போரின் வழிகளையும் குழந்தைகள் காப்பகங்களுக்குப் போகும் பாதைகளையும் முதலில் துப்புரவு செய்யும்படி வரிசையை மாற்றியது. வரிசை கடவுள் வகுத்ததல்ல.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. வண்டிகள் ஓடிய தடத்தைக் காட்டும் இணைய வரைபடம் உங்களிடம் இருக்கிறது. ஆனால் வண்டி போனது வேறு, ஆள் போக முடிவது வேறு. அடுத்த பனிக்காலத்துக்கு முன், பனி அகற்றும் நிறுவனங்களுடனான ஒப்பந்தங்களில் ஒரு வரியைச் சேருங்கள்: நடைபாதையின் இரு முனைகளிலும் பஸ் நிறுத்தத்திலும் வரம்பு வெட்டப்பட்டு, புள்ளித் தகடு வெளியே தெரியும் வரை அந்தப் பாதை துப்புரவானதாகக் கணக்கிடப்படாது, அதற்கான பணமும் கொடுக்கப்படாது.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸில் போய்வரும் ஒருவர்