கலர் பல்பு போதும், சிவப்பும் வெள்ளையும் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

கப்பல் மோதிப் படகு உடைந்த செய்தி வரும்போதெல்லாம் 'கப்பல் நிற்காமல் போய்விட்டது' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பம் துறைமுகத்திலிருந்து போன படகில் எங்கள் பக்கத்து ராமன்துறைக்காரர்கள் பலரைப் பறிகொடுத்தோம். 2021 ஏப்ரலில் மங்களூர்க் கடலில் இன்னொரு படகு. கப்பல்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கண்விழித்துக் காவல் பார்ப்பது அவர்களுக்கும் கடமைதான். ஆனால் தங்கல் போகும், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும், ஒரு விசைப்படகின் சொந்தக்காரன் என்ற முறையில் நம் பக்கத்துக் குறை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விளக்கு.

பொழுது சாய்ந்ததும் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். நீலம், பச்சை, ஊதா என்று எல்.இ.டி. சரங்கள் கேபின் உச்சியிலிருந்து பின்தட்டு வரை மின்னும். கோயில் திருவிழாப் பந்தல் தோற்றுவிடும். "பத்து மைலுக்குத் தெரியும் அண்ணே" என்று சொல்லித்தான் கடையில் விற்கிறார்கள். தெரியும், சரி. ஆனால் என்னவென்று தெரியும்? வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு, பின்னால் வெள்ளை. இவற்றை வைத்துத்தான் படகு எந்தப் பக்கம் போகிறது என்று கப்பலில் இருப்பவர் கணக்குப் போடுகிறார். இடப்பக்கத்தில் பச்சைச் சரம் தொங்கினால் அவர் போடும் கணக்கு தலைகீழாகிவிடும்.

1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள் சின்ன ஃபைபர் வள்ளம் முதல் எண்ணெய்க் கப்பல் வரை எல்லாவற்றுக்கும் பொது. செவுள் வலையோ சூரை, சுறாவுக்கான நெடுந்தூண்டிலோ கடலில் கிடக்கும்போது, சுற்றிலும் தெரியும்படி மேலே சிவப்பு, கீழே வெள்ளை எரிய வேண்டும். இழுவை வலைக்காரர்களுக்கு மேலே பச்சை, கீழே வெள்ளை. வலை 150 மீட்டரைத் தாண்டி நீண்டு கிடந்தால் அந்தத் திசையைக் காட்ட இன்னொரு வெள்ளை விளக்கு. நம் வலை கிலோமீட்டர் கணக்கில் கிடக்கிறது, அந்த மூன்றாவது விளக்கை எத்தனை படகில் பார்த்திருக்கிறீர்கள்? இந்த நிலையில் இருக்கும் படகுக்கு எஞ்சின் கப்பல் விலகிப் போக வேண்டும் என்பது நமக்கு உள்ள உரிமை. விளக்கே இல்லாமல் இருட்டில் அந்த உரிமையை யாரிடம் கேட்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலையை ஏற்றிவிட்டுக் கரைக்கு ஓடும்போது நாமும் சாதாரண எஞ்சின் படகுதான். வலப்பக்கமிருந்து குறுக்கே வரும் கப்பலுக்கு நாம்தான் வழிவிட வேண்டும். 'மீன்பிடிப் படகுக்குக் கப்பல் ஒதுங்கும்' என்று நம்பிக்கொண்டு, வலை கிடக்கிறது என்று காட்டும் அந்த மேல் சிவப்பு விளக்கையும் அணைக்காமல் ஓடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரவுக் காவலுக்கு நிற்கும் பையன்களுக்கு எங்கள் ஸ்ராங்கு (படகோட்டும் தலைவர்) முதலில் காட்டிக்கொடுப்பது கப்பலின் இரண்டு கம்ப விளக்குகளைத்தான். முன்னது தாழ்வு, பின்னது உயரம். இரண்டும் விலகித் தெரிந்தால் கப்பல் பக்கவாட்டில் போகிறது. ஒன்றின் மேல் ஒன்றாக நேர்கோட்டில் நின்று, கீழே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நம்மை நோக்கித்தான் வருகிறது. சந்தேகம் இருந்தால் திசைகாட்டியில் கப்பலின் திசையைக் குறித்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்துப் பார். திசை மாறாமல் விளக்கு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் நிச்சயம். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் வரும் கப்பல் ஒரு கடல் மைலை 4 நிமிடத்தில் கடந்துவிடும். 5 மைலில் கண்டுபிடித்தாலும் கையில் இருப்பது 20 நிமிடம். அதற்குள் வலையை இழுத்துப் படகில் ஏற்ற முடியாது. வயர்லெஸ்ஸில் அவசர அழைப்புக்கான சேனல் 16-இல் கூப்பிடலாம், ஹாரனை ஐந்து முறை விட்டு விட்டு அடிக்கலாம், கடைசியில் வலையை அறுத்துவிட்டு ஓடலாம். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வலையை அறுக்க எந்த முதலாளிக்கும் மனசு வராது என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அப்போது மீன்வளத் துறையினர் படகுகளை ஆய்வு செய்ய வருகிறார்கள். பதிவெண், எஞ்சின், உயிர்காப்பு உடை எல்லாம் பார்க்கிறார்கள். பகலில் வருவதால் விளக்கு கணக்கில் வருவதில்லை. ஒருநாள் இருட்டிய பிறகு வந்து விளக்குகளைப் போடச் சொல்லிப் பார்க்கட்டும். கலர் சரம் இருந்தால் அங்கேயே கழற்றச் சொல்லட்டும். சங்கத்தில் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. ஒரு நடைக்கு நாம் ஏற்றும் ஐஸின் விலைகூட இந்த விளக்குகளுக்கு ஆகாது.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளர் ஒருவர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.