பதினோராவது காரணிக்கும் ஒரு பத்தி எழுதுங்கள்: போட்டி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியப் போட்டி ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2009 விதிமுறைகளை நீக்கிவிட்டு, உற்பத்திச் செலவைத் தீர்மானிப்பதற்கான புதிய விதிமுறைகளை 2025 மே மாதம் வெளியிட்டீர்கள். அடக்கத்துக்குக் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிக்கிறார்கள் என்று புகார் வந்தால் முதலில் சராசரி மாறும் செலவை, அதாவது விற்கும் அளவோடு கூடிக் குறையும் செலவு ஓர் அலகுக்கு எவ்வளவு என்பதைப் பார்ப்போம், தேவைப்பட்டால் காரணத்தை எழுதிவைத்து வேறு அளவுகோலையும் எடுப்போம் என்கிறீர்கள். விற்பவருக்கு ஆகும் செலவை எப்படிக் கணக்கிடுவது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. அந்த விலையால் மற்றவர்கள் தலையில் விழும் செலவை யார் கணக்கிடுவது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

பதில் உங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் முகப்புரை நாட்டின் பொருளாதார வளர்ச்சியைச் சொல்கிறது, நுகர்வோர் நலனைச் சொல்கிறது, சந்தையில் உள்ள மற்றவர்களின் தொழில் சுதந்திரத்தையும் சொல்கிறது. ஒரு நிறுவனம் ஆதிக்க நிலையில் இருக்கிறதா என்று பார்க்க 19(4) பிரிவு 13 காரணிகளைத் தருகிறது. முதலாவது சந்தைப் பங்கு. பதினோராவது, சமூகக் கடமைகளும் சமூகச் செலவுகளும். எல்லாவற்றையுமோ எவற்றையேனுமோ கருதலாம் என்று சட்டம் விட்டிருப்பதால், பதினோராவதைத் தொடாமலே ஓர் உத்தரவை முடிக்க உங்களுக்கு இடம் உண்டு. அது எங்களுக்கும் தெரியும். ஆனால் சந்தைப் பங்குக்கும் நுழைவுத் தடைக்கும் பக்கம் பக்கமாக எழுதும்போது, பாராளுமன்றம் யோசித்துச் சேர்த்த ஒரு காரணிக்கு ஒரு பத்திகூடக் கிடைக்காதது எங்களை வருத்துகிறது. உடனடி விநியோகச் செயலிகளின் விலைகள் குறித்து நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2024 அக்டோபரில் உங்களிடம் முறையிட்டது. அதைப் போன்ற புகார்கள் ஒவ்வொன்றிலும், விசாரணைக்கு அனுப்பினாலும் முடித்துவைத்தாலும், சமூகச் செலவு என்ன என்று எழுதுங்கள். எங்கள் கோரிக்கை இது ஒன்றுதான்.

அந்தச் செலவு எங்கே விழுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கம்பெனியிடம் சரக்கெடுத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு ஏஜென்சியின் வண்டி ஒரு நாளைக்கு ஒரு லைன், அதாவது ஒரு வழித்தடம், போகும். முந்தின நாள் சேல்ஸ்மேன் கடை கடையாக ஆர்டர் எடுப்பார், மறுநாள் வண்டி சரக்கை இறக்கும். ஒரு லைனில் 40 கடை, ஒரு நாள் பில் 60,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் 36,000 ரூபாய் பஸ் ஸ்டாண்டு, மெயின் ரோடு பக்கமுள்ள எட்டுப் பெரிய கடைகளில் இருந்து வரும். மீதி 32 கடைகளும் ஊர்க் கடைசிவரை சிதறிக் கிடப்பவை. ஒன்றில் 500 ரூபாய்க்கு எடுப்பார்கள், இன்னொன்றில் 1,000 ரூபாய்க்கு. மார்ஜின் ஐந்து சதவீதம் என்றால் அன்றைக்கு ஏஜென்சிக்கு நிற்பது 3,000 ரூபாய். டீசல், டிரைவர், லோடுமேன், சேல்ஸ்மேன் சம்பளத்தில் அந்த லைனின் பங்கு எல்லாம் சேர்ந்து 2,000 ரூபாயைத் தாண்டிவிடும். மிச்சத்தில் குடோன் வாடகையும், கடைகளில் நிற்கும் கடனுக்கு வட்டியும், காலாவதிச் சரக்கில் கம்பெனி ஏற்காத பகுதியும் போக வேண்டும்.

இப்போது ஊர் நடுவில் ஒரு டார்க் ஸ்டோர், அதாவது செயலி ஆர்டர்களுக்கு மட்டும் சரக்கு அனுப்பும் கிடங்கு, வருகிறது. அந்த எட்டுக் கடைகளின் ஆர்டர் பாதியாகிறது. பில் 42,000, மார்ஜின் 2,100. வண்டிச் செலவில் ஒரு ரூபாயும் குறையாது, ஏனென்றால் வண்டி அதே தூரம்தான் ஓட வேண்டும். வாரம் ஒருமுறை போன லைன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றாகும். பிறகு கடைசிப் பத்துக் கடைகளைக் கைவிடும். அந்தக் கடைக்காரர் டூவீலரில் மொத்தக் கடைக்குப் போய்த் தன் செலவில் சரக்குக் கட்டி வர வேண்டும். எம்ஆர்பிக்கு மேல் விற்க அவருக்குச் சட்டம் இடம் தராது, எனவே போக்குவரத்துச் செலவு முழுக்க அவருடைய லாபத்தில் இருந்தே போகிறது. கொஞ்ச நாளில் அவர் பிராண்டு சரக்கை நிறுத்துவார், அப்புறம் கடையையே நிறுத்துவார். அவரிடம் பற்று எழுதி வாங்கிய வீடுகள், நூறு கிராம் பருப்பும் ஒரு சாஷே ஷாம்புவும் வாங்கியவர்கள், அந்தச் செயலியை ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் தெருவுக்கு அது விநியோகமே செய்யாது.

தள்ளுபடி ஒருவருக்கு, செலவு வேறொருவருக்கு. இந்தச் செலவு செயலி நடத்தும் எந்தத் தளத்தின் மாறும் செலவிலும் ஏறாது. சட்டத்தில் இதற்கென்று இருக்கும் ஒரே இடம் பதினோராவது காரணிதான்.

தளத்தின் செலவைப் பிடிப்பதே எளிதல்ல என்பதையும் அறிவீர்கள். 100 ரூபாய் எம்ஆர்பி உள்ள ஒரு பொருள் மளிகைக் கடைக்கு 90 ரூபாய்க்குக் கிடைக்கிறது, செயலியில் 82-க்கு விற்கிறது என்று கொள்வோம். அந்த வித்தியாசத்தில் கம்பெனி கொடுத்த ஸ்கீம் தள்ளுபடி எவ்வளவு, விற்பனையாளர் விட்டது எவ்வளவு, தளம் தன் பணத்தில் கொடுத்த கூப்பன் எவ்வளவு? கூப்பனை விளம்பரச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டால் விலை அடக்கத்துக்கு மேலே இருப்பதுபோல் தெரியும். ஆண்டறிக்கையை வைத்து இதைப் பிரிக்க முடியாது. ஆர்டர் வாரியாக, பின்கோடு வாரியாக, பொறுக்கிக் கட்டும் கூலி, பை, ரைடருக்குக் கொடுத்தது, பணப் பரிமாற்றக் கட்டணம், திரும்பி வந்த சரக்கு என்று எடுத்தால்தான் உண்மை தெரியும். இந்தத் தரவைக் கேட்டு வாங்கும் அதிகாரம் விசாரணை நடத்தும் உங்கள் தலைமை இயக்குநருக்கு உண்டு. புகார் கொடுக்கும் மளிகைக் கடைக்காரருக்குக் கிடையாது.

ஆனால் கணக்கு அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே வழக்கு நின்றுவிடுகிறது, ஏனென்றால் ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனம் அடக்கத்துக்குக் கீழே விற்பதைத்தான் நான்காம் பிரிவு தடுக்கிறது. ஊபர் வழக்கில் ஒரு பயணத்துக்கு 204 ரூபாய் நட்டம் என்ற கணக்கைப் பார்த்து, போட்டியை ஒழிப்பதைத் தவிர இதற்கு வேறு பொருளாதாரக் காரணம் இல்லை என்ற அளவுக்கு உச்ச நீதிமன்றம் 2019-ல் பேசியது. விசாரணை நடந்தது. ஆதிக்க நிலை இல்லை என்று 2021-ல் முடித்துவைத்தீர்கள். அதற்கு முன், 2017-ல், பெங்களூரு ஓலா வழக்கும் அதே வாசலில் நின்றது. மூன்று பெரிய நிறுவனங்கள் ஒரே நேரத்தில் நட்டத்துக்கு விற்றால், ஒருவருக்கு எதிராக இன்னொருவர் இருப்பதாலேயே மூவரில் யாருக்கும் ஆதிக்கம் இல்லை என்றாகிறது. கூட்டாக ஆதிக்கம் செலுத்துவதையும் நான்காம் பிரிவுக்குள் கொண்டுவர 2012-ல் வந்த திருத்த மசோதா காலாவதியாகிவிட்டது, 2023 திருத்தத்திலும் அது இல்லை. சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. 13 காரணிகளில் எதை எழுதுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பொருளாதாரச் சட்டத்தில் சமூக நோக்கம் கலக்கக்கூடாது என்று வல்லுநர்கள் சொல்லும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொதுமக்களுக்குக் கேடாக ஓரிடத்தில் குவியக்கூடாது என்று அரசமைப்பின் 39-வது பிரிவு சொல்கிறது. 1969-ன் ஏகபோகச் சட்டம் அதிலிருந்து பிறந்தது. அதன் உரிம முறை தொழிலை முடக்கியது என்பதும், அதைக் கைவிட்டது சரி என்பதும் எங்கள் கருத்துதான். ஆனால் உரிம முறையோடு சேர்த்து 39-வது பிரிவும் ரத்தாகவில்லை. தென்னாப்பிரிக்கா தன் 1998 போட்டிச் சட்டத்தில் நிறுவன இணைப்புகளைப் பரிசீலிக்கும்போது வேலைவாய்ப்பையும் சிறு நிறுவனங்களையும் பார்க்க வேண்டும் என்று எழுதியது. வால்மார்ட் அங்கே மாஸ்மார்ட் என்ற சில்லறை நிறுவனத்தை வாங்கியபோது, நீக்கப்பட்ட 503 தொழிலாளர்களைத் திரும்ப எடுக்கவும், உள்ளூர்ச் சிறு சப்ளையர்களுக்கு நிதி ஒதுக்கவும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-ல் உத்தரவிட்டது. இணைப்பு நின்றுபோகவில்லை. இரண்டு நோக்கங்களும் ஒரே உத்தரவில் இடம் பிடித்தன.

எல்லாச் சிறு கடைகளையும் காப்பாற்றுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பழைய சரக்கை மாற்றாமல், எடையில் குறைத்து, விலையை மறைத்து விற்கும் கடை போட்டியில் தோற்றால் தோற்கட்டும். குறைந்த விலை ஏழை வீட்டுக்கு நல்லது என்பதையும் மறுக்கவில்லை. முதலீட்டாளர் பணத்தில் ஓடும் விலை எத்தனை நாளைக்கு, அது நின்ற பிறகு அந்த வீட்டுக்கு எந்தக் கடை மிஞ்சியிருக்கும் என்பதை உங்கள் உத்தரவு பார்க்க வேண்டும் என்கிறோம்.

எனவே மீண்டும் பணிவோடு கேட்கிறோம்: சில்லறை விலை தொடர்பான ஒவ்வொரு உத்தரவிலும் பதினோராவது காரணிக்கு ஒரு பத்தி எழுதுங்கள். சமூகச் செலவு இல்லை என்பது உங்கள் முடிவானால் அதையே காரணத்தோடு எழுதுங்கள், மேல்முறையீட்டில் வாதாட எங்களுக்கு ஒரு வரி கிடைக்கும். சந்தையை நாடு முழுவதும் என்று வரையாமல் நகரம், பின்கோடு அளவில் பாருங்கள். லைன் பதிவேடுகள், கடைவாரி பில்கள், காலாவதிச் சரக்குக்கான கிரெடிட் நோட்டுகள் ஆகியவற்றை உங்கள் சென்னை அலுவலகத்தில் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறோம். எந்த வடிவத்தில், எந்தக் காலத்துக்கு வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
நுகர்பொருள் விநியோகத் தொழிலில் உள்ளவர்கள்