காற்றாடியும் பிரேக்கும்

அன்புள்ள மல்லிகா,

கடிதம் வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுக்கொள். எனக்கு முழங்கால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறையில்லை.

உன் மகன் மின்சாரக் காரின் முன்பக்கத்தில் காற்றாடி பொருத்தி, ஓடும்போதே பேட்டரியைச் சார்ஜ் செய்யப் போகிறானா! "காற்று எப்படியும் வந்து மோதுகிறது, வீணாகப் போவதை எடுத்தால் என்ன?" என்று கேட்டு உன் வாயை அடைத்துவிட்டானாம். நீ தமிழ் நடத்தியவள், நான் இயற்பியல் நடத்தியவள், அதனால் பஞ்சாயத்து என்னிடம் வந்துவிட்டது.

காற்று எங்கே வந்து மோதுகிறது? கார்தான் போய்க் காற்றில் மோதுகிறது. காற்று அசையாத நாளில், மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், 36 செ.மீ. விட்டமுள்ள காற்றாடி ஒன்றை வைத்துக்கொள். அந்த வட்டத்துக்குள் நுழையும் காற்றின் திறன் சுமார் 480 வாட். அதில் 27-இல் 16 பங்குக்கு மேல் எந்தக் காற்றாடியாலும் எடுக்க முடியாது. ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நூறு வருடங்களுக்கு முன்பே வகுத்த வரம்பு அது. ஆக, கிடைப்பது 285 வாட்டுக்குள். ஆனால் அந்தக் காற்றாடி காரைப் பின்னுக்குத் தள்ளுமே! அதை மீறி ஓட மோட்டார் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது 425 வாட். மூன்று கொடுத்து இரண்டு வாங்குகிற வியாபாரம். அதுவும் உராய்வே இல்லாத உத்தமமான காற்றாடிக்கு! கடையில் வாங்கியது என்றால் இன்னும் மோசம். நிறுத்திவைத்த காரில் வீசும் காற்றைப் பிடித்தானானால் நான் வாயே திறக்க மாட்டேன், அது நிஜமாகவே இலவசம்.

அவனை ஒரே ஒரு கேள்வி கேள்: இதை எடுப்பதால் வண்டி வேகம் குறையுமா, குறைய வேண்டிய நேரத்தில்தான் குறைகிறதா? எல்லாம் இதில் அடங்கும். கார் ஏறி அழுத்தும் வேகத்தடையில் மின்சாரம் எடுக்கிறோம் என்கிறார்களே, 1,500 கிலோ கார் 10 செ.மீ. இறங்கினால் கிடைப்பது ஏறக்குறைய 1,470 ஜூல். 10 வாட் விளக்கு இரண்டரை நிமிடம் எரியும், அவ்வளவுதான். அதையும் கொடுப்பது ஓட்டுநரின் எரிபொருள். சரிவின் அடியில், எல்லாரும் பிரேக் போட்டே தீர வேண்டிய இடத்தில் வைத்தால் மட்டும் நியாயம்.

பிரேக்கில்தான் உண்மையான புதையல். அதே கார் 72 கி.மீ. வேகத்தில் சுமக்கும் இயக்க ஆற்றல் 3 லட்சம் ஜூல். பெட்ரோல் எஞ்சின் அதைத் திரட்ட சுமார் 35 மில்லிலிட்டர் எரித்திருக்கும். சாதாரண பிரேக் அத்தனையையும் தகட்டைச் சூடாக்கித் தொலைத்துவிடும். மின்சாரக் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. கியர், மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி என்று போகிற வழியிலும் சிந்தி, திரும்புகிற வழியிலும் சிந்தி, சக்கரத்துக்கு மீண்டும் வந்து சேர்வது நூற்றுக்கு அறுபது, எழுபது. நல்ல வரவுதான். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் 36 கி.மீ. வேகத்தில் இருப்பது கால்வாசிதான். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போனால் பிரேக்கே இல்லை, மீட்கவும் ஒன்றுமில்லை. காற்றைக் கலக்கியதும் டயரைச் சூடாக்கியதும் போனது போனதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஸ்வீடனின் கிருனா சுரங்கத்து ரயில்கள். இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு இறங்குகின்றன. எல்லையிலிருந்து இறங்கும்போது பிரேக்கில் மீளும் மின்சாரம், காலி ரயில்கள் திரும்ப எல்லை வரை ஏறுவதற்குப் போதும். மாயமெல்லாம் இல்லை, மேலே இருந்த தாதுவின் எடைதான் கொடுக்கிறது.

பெட்ரோல் வண்டியில் வீணாகும் வெப்பத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். அங்கே 1824-இல் சாடி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் போட்ட கணக்கு குறுக்கே நிற்கிறது. ரேடியேட்டர் நீர் 90 டிகிரி, வெளியே 30 டிகிரி என்றால், எந்த இயந்திரம் வைத்தாலும் அந்த வெப்பத்தில் ஆறில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கலாம். புகைக்குழாய் வெப்பம் தேவலை, சூடு அதிகம். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போசார்ஜர் அதைத்தான் பிடித்துப் பயன்படுத்துகிறது.

அதனால் காற்றாடிக் காசை அவன் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். அவன் காரில் ரீஜென், அதாவது பிரேக்கில் ஆற்றலை மீட்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கும், பார்க்கச் சொல். முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினால் மீட்டதை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமிருக்காது, அதையும் சொல். ரீஜெனைக் குறைத்து வைத்து, தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் காலை எடுத்து உருளவிடுவது இது எல்லாவற்றையும்விட மேல்: பேட்டரிக்குப் போய்வந்தால் நூற்றுக்கு முப்பது, நாற்பது போகும், உருண்டால் அந்தச் சேதாரம் இல்லை.

இதற்கும் ஒத்துக்கொள்ளாமல் வாதாடினால் என்னிடம் பேசச் சொல். மருத்துவர் அனுமதித்ததும் நீயே உன் கையால் பதில் எழுது.

அன்புடன்,
வசந்தா