மல்லிகாவுக்கு, குவாங்சோ ஓட்டலைப் பற்றி

திருப்பூர்,
18 ஜனவரி 2026

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் வாசலில் கிடக்க, அப்படியே திண்ணையில் உட்கார்ந்து படித்து முடித்தேன். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். எங்கள் பக்கத்தில் மாவு அரைக்கிற மில்லை மூடிவிட்டார்கள் என்பதைத் தவிர புதிதாக ஒன்றுமில்லை. பையன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பெண்ணை மே மாதம் பொம்மைக் கம்பெனி சார்பில் சீனாவுக்கு அனுப்புகிறார்களே, விடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக விடு. ஒரே ஓட்டல் குழுமத்தில் அடிக்கடி தங்கி நான் வாங்கிய அந்தப் பிளாட்டினம் கார்டால் நிஜமாகவே பிரயோசனம் உண்டா, அதற்காக அவளும் இப்போதே ஒரே ஓட்டல் குழுமத்தில் தங்கத் தொடங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

2014இல் நான் முதல்முறை தெற்குச் சீனாவில் இருக்கும் குவாங்சோ போனபோது நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. அம்மாவுக்குக் கூடத் தெரியாது. துணிச் சந்தைக்குப் பக்கத்தில் மலிவாக ஒரு சின்ன ஓட்டலைப் பதிவு செய்திருந்தேன். பேர் வேண்டாம். இரவு பதினொன்றரைக்குப் பெட்டியோடு போய் நிற்கிறேன். கவுண்டரில் இருந்த பையன் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டிவிட்டான். சீனாவில் வெளிநாட்டுக்காரர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவாக வேண்டும். ஓட்டல் என்றால் அவர்களே பதிந்துவிடுவார்கள். ஆனால் பல சின்ன ஓட்டல்களில் அந்த வசதி இல்லாததால் வெளிநாட்டு முகத்தைக் கண்டாலே இடமில்லை என்றுவிடுவார்கள். பணம் கட்டின ரசீதைக் காட்டினேன். அவன் மறுபடியும் கையை ஆட்டினான். மழைத் தூறலில் வாசலில் நின்றபோது வந்த பயம் இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. கடைசியில் வேறு ஒரு ஓட்டலில், மூன்று மடங்கு வாடகைக்கு இடம் கிடைத்தது. சின்ன ஓட்டல்களும் வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024இல் அரசே சொல்லியிருக்கிறது. இருந்தாலும் உன் பெண்ணுக்கு முதல் பயணத்தில் அந்தச் சோதனை வேண்டாம்.

அன்றிலிருந்துதான் ஒரே குழுமத்தின் ஓட்டல்களிலேயே தங்குவது என்று முடிவெடுத்தேன். மாரியட் குழுமத்தின் பான்வாய் என்கிற வாடிக்கையாளர் சலுகைத் திட்டத்தில் வருஷத்துக்கு 10 இரவு தங்கினால் சில்வர், 25 தங்கினால் கோல்டு, 50 தங்கினால் பிளாட்டினம். டாக்கா, குவாங்சோ, ஷாங்காய் என்று அலைந்ததில் எனக்கு 50 சேர்ந்தது. அந்த ஐம்பதில் ஒன்று என் பையனின் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முந்தின இரவு. ஷாங்காயில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, போனிலேயே அவனோடு பேசித் தூங்க வைத்தேன். ஐம்பது இரவு என்றால் இதெல்லாம் சேர்ந்ததுதான் என்று உன் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கார்டுக்காக யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டாம். எப்படியும் போயே ஆக வேண்டிய வேலை என்றால், அந்த இரவுகளைச் சிதறவிடாமல் ஒரே இடத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இனி போன அக்டோபர் கடைசியில் போன பயணம். 2020இல் நின்றுபோன நேரடி விமானம் அக்டோபர் 26ஆம் தேதிதான் கொல்கத்தாவிலிருந்து மறுபடி தொடங்கியது. கோவையிலிருந்து கொல்கத்தா போய் அதில் ஏறினேன். விடியற்காலை நாலு மணி சுமாருக்கு இறக்கிவிடுகிறது. நான் இறங்கிய அக்டோபர் 31 காலையிலேயே கேன்டன் சந்தையின் மூன்றாம் கட்டம் தொடங்கியது. கேன்டன் என்பது குவாங்சோவின் பழைய பேர், அங்கே நடக்கும் பெரிய ஏற்றுமதிக் கண்காட்சிதான் இந்தச் சந்தை. துணி, பொம்மை எல்லாம் அந்தக் கட்டத்தில்தான். 1957இலிருந்து நடக்கிற சந்தை. அந்த நாட்களில் ஊரில் ஓட்டல் வாடகை தாறுமாறாக ஏறிவிடும்.

தியான்ஹே பகுதியில் இருக்கும் அந்தக் குழுமத்தின் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. பிளாட்டினம் என்றாலும் அவ்வளவு சீக்கிரம் அறை தருவதாக எந்த விதியும் சொல்லவில்லை. லாபியில் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கத் தயாராகத்தான் போனேன். இரவுப் பணியில் இருந்த பையன் திரையைப் பார்த்தான், எழுந்து நின்றான், என் பெயரை எழுத்துக் கூட்டி முழுசாகச் சொன்னான். ஒரு கண்ணாடித் தம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். நம் வீட்டில் பெரியவர்கள் குடிப்பார்களே, அதே பதச் சூட்டில். சீனர்களுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது, எங்கே போனாலும் வெந்நீர்தான். வருவதாகச் சொல்லி வராமல்போன ஒருவருடைய அறை இருந்ததால் ஆறு மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டான். அதே ஊர்தான் மல்லிகா. 2014இல் கையை ஆட்டிய பையனுக்கும் இவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. லிஃப்டில் ஏறியதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பெரிய அறைக்கு மாற்றித் தருவது சந்தை நாட்களில் நடக்காது, எல்லா அறையும் நிரம்பியிருக்கும். நவம்பர் 4ஆம் தேதி சந்தை முடிந்ததும் ஊரே காலியாகிவிடும். ஐந்தாம் தேதி காலை அவர்களாகவே வந்து, வரவேற்பறை தனியாக உள்ள சூட் ரூமுக்கு என் பெட்டியை எடுத்துப்போனார்கள். நான் கேட்கவே இல்லை.

சாப்பாடுதான் உனக்குப் பெரிய கவலையாக இருக்கும். நான் சைவம் என்றால் அங்கே பலருக்குப் புரிவதில்லை. கீரையிலே பன்றிக் கொழுப்பு இருக்கும், டோஃபுவின் மேலே பொடியாக அரிந்த இறைச்சி தூவியிருப்பார்கள், சிப்பி சாஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதல் நாள் காலை, பிளாட்டினம்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற லவுஞ்சில் வெறும் கஞ்சியும் தர்பூசணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேற்பார்வை பார்க்கிற பெண் வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். 'வோ ச்சி சூ' என்றேன், நான் சைவம் சாப்பிடுகிறவள் என்று அர்த்தம். ஒரு சின்ன நோட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். முட்டை? வேண்டாம். பூண்டு? சாப்பிடுவேன். இதில் அவளுக்கு ஆச்சரியம், அங்கே புத்த சைவத்தில் பூண்டு, வெங்காயமே கிடையாது. மறுநாள் நான் உட்கார்ந்ததுமே இறால் போடாத அரிசி மாவுச் சுருள் ஆவி பறக்க வந்தது. நம் இடியாப்ப மாவைத் துணியில் மெல்லிசாக ஊற்றி வேகவைத்துச் சுருட்டினால் எப்படியிருக்கும், அந்த வழவழப்பு. போகும்போது, நான் எதெல்லாம் சாப்பிட மாட்டேன் என்பதைச் சீன எழுத்தில் எழுதி ஒரு சீட்டும் கொடுத்தாள். எந்தக் கடையிலும் காட்டலாம் என்றாள். அதை பர்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவள் தேநீர் ஊற்றும்போது இரண்டு விரலை மடக்கி மேசையில் மெதுவாகத் தட்டினேன். கேன்டன் பக்கத்தில் அப்படித்தான் நன்றி சொல்வது. சியான்லாங் பேரரசர் மாறுவேடத்தில் போனபோது தன் ஆட்களுக்குத் தானே தேநீர் ஊற்றினாராம், மண்டியிட்டால் வேஷம் கலைந்துவிடும் என்று அவர்கள் விரலை மடக்கித் தட்டினார்களாம். கதைதான். ஆனால் நான் தட்டியதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததே, அது கதையில்லை.

ஒரு மாலை ஷாமியான் தீவில் உள்ள வெள்ளை அன்னம் ஓட்டலுக்குப் போய்ச் சும்மா லாபியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஹாங்காங் தொழிலதிபர் ஹென்றி ஃபோக்கின் முதலீட்டில் 1983இல் திறந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டவர் தங்கும் ஓட்டலுக்குள் உள்ளூர்க்காரர்கள் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. அவர் பிடிவாதமாக நின்று எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டாராம், ஜனங்கள் சாரிசாரியாக வந்து பார்த்தார்களாம். லாபிக்குள்ளேயே ஒரு அருவி விழுகிறது. பாறையில் மூன்று சீன எழுத்துகள், 'சொந்த ஊர்த் தண்ணீர்' என்று பொருள். வெளிநாட்டில் இருந்து திரும்பி வருகிற சீனர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

உன் பெண்ணுக்குச் சில வார்த்தை. அறையைக் குழுமத்தின் சொந்த ஆப்பிலேயே பதிவு செய்யட்டும், வேறு தளங்களில் எடுத்தால் பெரும்பாலும் இரவுக் கணக்கு சேராது. கோல்டு வரைக்கும் காலைச் சாப்பாட்டுக்கோ லவுஞ்சுக்கோ உறுதியில்லை, அதனால் அதை நம்பிப் போக வேண்டாம். ஓட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் வேலை செய்யாது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் உன்னோடு தினமும் பேசலாம். டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை, அங்கே அந்தப் பழக்கம் கிடையாது. ஷாங்காய்க்கும் போவதாக இருந்தால் பல்துலக்கியும் சீப்பும் எடுத்துப்போகச் சொல். 2019 ஜூலையிலிருந்து அங்கே அதெல்லாம் கேட்டால்தான் தருவார்கள்.

அப்புறம், இதை உன் வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டுச் சொல். மே 1 முதல் 5 வரை நடக்கும் மூன்றாம் கட்டத்துக்கு நானும் போகிறேன். அவள் என் அறையிலேயே தங்கட்டும். இரண்டு கட்டில் உள்ள அறையாக, இரண்டு பேர் பெயரிலும் பதிந்துவிடுகிறேன். என்னோடு தங்கும் ஒருவரை லவுஞ்சுக்கும் அழைத்துப்போகலாம். கிளம்புகிற அன்று மாலை நாலு மணி வரை அறை நம் கையில் இருக்கும். சந்தையில் அலைந்த கால் ஆறக் குளித்துவிட்டு விமானம் ஏறலாம். அவளுக்குப் பெரியம்மாவோடு ஒரே அறையில் இருக்கச் சங்கடம் இல்லையென்றால் சரி. அவள் வேலை விஷயத்தில் நான் தலையிட மாட்டேன் என்று சொல்லிவிடு.

மாசி மாசத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா. அந்தச் சைவச் சீட்டை நகல் எடுத்து லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன்.

உன்,
சுமதி