கிட்டம் பாறையான கதை: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

முதுகலை ஆய்வேட்டைப் போன வெள்ளிக்கிழமை கொடுத்தாயிற்று. அதில் நன்றியுரைக்கு அரைப் பக்கம்தான் இடம். யாருக்கும் மனம் நிறையச் சொல்ல முடியவில்லை, அதனால் இந்த மடல்.

முதலில், நான் நேரில் பார்த்தே இராத மூவர்: கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமாண்டா ஓவன், ஜான் மெக்டொனால்ட், டேவிட் பிரவுன். இங்கிலாந்தின் கம்ப்ரியா கடற்கரையில், டெர்வென்ட் ஹோ என்ற இடத்தில், பழைய இரும்பு உருக்காலைகள் கொட்டிய 'ஸ்லாக்' என்ற கழிவு 2.7 கோடி கன மீட்டர் கிடக்கிறது. அது பாறையாகவே இறுகிவிட்டதை 2025-இல் இவர்கள் எழுதினார்கள். பாறைக்குள் 1934-இல் அச்சான ஐந்தாம் ஜார்ஜ் நாணயம் ஒன்று அகப்பட்டது. கூடவே ஓர் அலுமினிய டப்பாவின் திறப்பு வளையம். அந்த வடிவம் 1989-க்கு முன் கிடையாது. ஆக, அந்த இடம் இறுகியது அதிகம் போனால் 35 ஆண்டுக்குள். பாறை என்றால் லட்சக்கணக்கில் ஆண்டு என்று படித்து வந்தவளுக்குத் தூக்கம் போயிற்று.

அடுத்து, தன் காரில் என்னை அந்தக் கரைக்குக் கூட்டிப்போன அறைத்தோழி. மழையில் மூன்று மணி நேரம் குடை பிடித்தாள், ஒரு தடவைகூட "போகலாமா" என்று கேட்கவில்லை.

எங்கள் ஆய்வகத்தின் மின்னணு நுண்ணோக்கியைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பருக்குத்தான் பெரிய கடன். கல்லை அறுத்து, ரெசின் ஊற்றி, 1 மைக்ரான் வைரப் பசையில் தேய்த்து, மின்னூட்டம் தேங்காமல் கடத்திவிட மேலே கார்பன் பூசிக் கொண்டுபோய் வைத்தேன். திரை முழுக்க வெள்ளைக் கோடு. நுண்துளைகளின் ஓரத்தில் பூச்சு சரியாக ஏறவில்லை. மின்னூட்டம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கிவிட்டது. தப்பு என்னுடையது, அவசரப்பட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மாதிரியை வெளியே எடுத்தார், மறுபடி பூசினார், மேற்பரப்பிலிருந்து தாங்கி வரைக்கும் ஒரு செப்புப் பட்டையை ஒட்டினார். அப்புறம் தெரிந்தது பாருங்கள்! இரண்டு கழிவுத் துணுக்குகளுக்கு நடுவே, தலைமுடியைவிட மெல்லிய இடுக்கில், இரு கரையிலிருந்தும் படிகங்கள் வளர்ந்து வந்து நடுவில் கோத்துக்கொண்டிருந்தன. பாறையாவது என்றால் இதுதான். கழிவில் இருக்கிற கால்சியம், மக்னீசியம், இரும்பு எல்லாம் கடல்நீரும் காற்றும் பட்டுக் கரைந்து, கால்சைட், புரூசைட், கோதைட் என்ற கனிமங்களாகப் படிந்து ஒட்டுகின்றன. மாதிரியில் பட்டுத் திரும்பும் எலக்ட்ரான்களால் கிடைக்கும் பின்சிதறல் படத்தில் கனமான அணு உள்ளது பளிச்சென்று இருக்கும். கோதைட் வெளுப்பு, கால்சைட் சாம்பல், புரூசைட் கறுப்பு.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கால்சைட்டில் கார்பன் இருக்கிறது என்று எக்ஸ்-கதிர் நிறமாலை காட்டினால், அது நான் பூசிய கார்பனாகவும் இருக்கலாமே! லேசர் ஒளி சிதறுவதை வைத்து இன்ன கனிமம் என்று காட்டும் ராமன் கருவியில் தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்த நண்பருக்கு இதற்காகவே ஒரு கும்பிடு.

அம்மாவுக்கு. போனில் 'ஸ்லாக்', 'ஸ்லாக்' என்று நான் அளந்ததைக் கேட்டுவிட்டு, "கொல்லன் பட்டறைக் கிட்டம்தானே, அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனே?" என்றார். அதற்குப் பிறகு என் குறிப்பேட்டில் எல்லாம் கிட்டம்தான்.

அறைத்தோழிக்கு இன்னும் ஒன்று: கார் டிக்கியில் அந்தக் கரையின் மணலும் துருவும் அப்படியே கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கழுவிக் கொடுக்கிறேன், சத்தியமாக.